ஜூலுப் படையும் அத்தானின் ஞாயிறு தரிசனமும்

அன்புள்ள அத்தான்,

போன இடத்தில் நீங்கள் சும்மா இருக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அங்கேயும் நாலு பேரை உட்காரவைத்து, மணலைக் குவித்து, "இது மேடு, இது ஓடை, எதிரி இந்தப் பக்கமாத்தான் வருதான்" என்று பாடம் நடத்திக்கொண்டிருப்பீர்கள். அவர்களுக்கு ஒரு அரைமணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு இதைப் படியுங்கள்.

போன வாரம் உங்கள் தலைத்திவசம் முடிந்தது. அக்கா ஒரு குறையும் வைக்கவில்லை. உளுந்தவடையில் மட்டும் உப்பு தூக்கல். நீங்கள் இருந்திருந்தால் வாயைத் திறக்காமல் ஆறு வடை தின்றுவிட்டு, என்னிடம் தனியாக வந்து புலம்பியிருப்பீர்கள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டாள். "ஏலே தம்பி, வருசம் திரும்பியாச்சு. இனிமே நான் கோயிலுக்குப் போகலாம். வார ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாரேன். அவிய வாரவாரம் ஆண்டாள் சன்னதியில எந்த எடத்துல நின்னு கும்பிட்டாகளோ, அந்த எடத்தை எனக்குக் காட்டு. அங்க நின்னு ஒரு நெய்விளக்கு ஏத்தணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

எந்த இடத்தைக் காட்டுவது அத்தான்? பதினைந்து வருட ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தடவையாவது அந்தக் கோயில் வாசற்படியை மிதித்தீர்களா? நீங்கள் நின்றதெல்லாம் என் வீட்டு மாடியில், தையல் டேப்பும் கையுமாக, தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கும் ஜூலு வீரர்களுக்கும் நடந்த சண்டைக்கு நடுவில். அதைப்போய் அக்காவிடம் எந்த வாயால் சொல்வேன்?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் கதை தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு ராஜபாளையம் வந்து, ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தீர்கள். பட்டாளத்தில் உங்கள் வேலை, அதிகாரிகள் சண்டைத் திட்டம் போடுவதற்காக மணலில் மலையும் ஆறும் செய்து கொடுப்பது. உங்கள் கைவேலையில் மயங்கிய ஒரு அதிகாரி, ஓய்வுபெற்றுப் போகையில் தன்னுடைய மரப்பெட்டியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஓர் அங்குல உயரத்தில் ஈயச் சிப்பாய்கள். துப்பாக்கியோடு வெள்ளைக்காரப் படை, ஈட்டியும் மாட்டுத்தோல் கேடயமுமாக ஜூலுப் படை. ஒன்றுக்கும் வண்ணம் பூசியிருக்கவில்லை. பகடையை உருட்டி, அளந்து நகர்த்தி விளையாட ஆங்கிலத்தில் ஒரு கட்டு விதிமுறையும் இருந்தது.

வீட்டுத் தரையில் பரப்பினீர்கள். அக்கா தாங்குவாளா? "பென்சன் வாங்குற மனுசன் குப்புறப் படுத்துக்கிட்டு பொம்மையை நகட்டுதாரு. தெருவே சிரிக்குது" என்றாள். அதோடு விட்டாளா? ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்த அன்று, பித்தளை அண்டாவோடு கைக்கு அகப்பட்ட ஏழு வெள்ளைக்காரச் சிப்பாய்களையும் அவர் முன்னால் வைத்து, "இதை உருக்கிப் பூசிருங்க" என்றாள். அவர் ஏழையும் ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது காரீயம் தாயி. பாத்திரத்துல பூசுனா குடும்பத்தோட போய்ச் சேர வேண்டியதுதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பேர் தெரியாத அந்த நல்ல மனுஷன்தான் வெள்ளைக்கார சாம்ராஜ்யத்தை அன்றைக்குக் காப்பாற்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மரப்பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். "படை இடம் மாறுது மாப்ளே" என்றீர்கள். அக்காவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். பொம்மையை மில் குடோனில் போட்டாயிற்று, ஆண்டாளை ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னீர்களாம். அந்த ஒரு பொய்யைத்தான் பதினைந்து வருடம் ஓட்டினோம்.

சாட்சிக்குப் பால்கோவா. அது போதாதென்று துளசியும் குங்குமமும். இரண்டையும் என் வீட்டுக்காரி செண்பகம் காலையிலேயே சன்னதிக்குப் போய் வாங்கி வந்து, பஸ் ஏறுகிற நேரத்தில் உங்கள் கையில் திணிப்பாள். "அண்ணே, நான் கும்பிடுததுல பாதிப் புண்ணியம் உங்க கணக்குக்குப் போகுது, பாத்துக்கிடுங்க" என்பாள். நீங்கள் மட்டும் சும்மா இருந்தீர்களா? ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மாடி ஜன்னலுக்குப் போய், தெரிகிற கோபுரத்தைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பீர்கள். "பொய் சொல்லிட்டு வந்திருக்கோம்லா, மேலதிகாரிக்குத் தகவல் குடுத்திரணும்" என்பீர்கள்.

விதிமுறையைத் தமிழாக்கியது நான். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருக்கிறவனுக்கு வேறு என்ன தமிழ் வரும்? "மேற்படி சிப்பாய் மேற்படி குன்றின் மீது ஏறும்பட்சத்தில், அவர் கடக்கும் தூரம் பாதியாகக் குறைக்கப்பட வேண்டியது" என்று அடித்து நீட்டினேன். பஸ்ஸுக்கு நேரமானால் ஆட்டம் வாய்தா. கட்சிக்காரர் வர முடியாமல் போனால் அவருடைய சட்டப்படியான வாரிசைச் சேர்த்து ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்றும் ஒரு விதி அடித்திருந்தேன். "ஏன் மாப்ளே, யாரு சாகப் போறா?" என்று சிரித்தீர்கள். பழக்கதோஷம் என்றேன்.

யார் வெள்ளைக்காரனாக இருப்பது என்பதில்தான் தீராத சண்டை. இருவருக்குமே ஜூலுவாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளைக்காரனாக உட்கார்ந்தவன் வேண்டுமென்றே தோற்பான். நான் ஒருமுறை முழுப் படையையும் குன்றிலிருந்து ஓடையில் இறக்கிவிட்டேன். "இது சண்டையா? வேணும்னு தோத்தா அடுத்த வாரமும் நீதான் வெள்ளைக்காரன்" என்று எழுந்து நின்று கத்தினீர்கள். மறுநாள் அதையும் டைப் அடித்து விதியில் சேர்த்தேன்.

சிவப்புக் கோட்டுக்கு செண்பகத்தின் நகப்பூச்சு. புல்வெளிக்குத் தேயிலைத் தண்ணீரில் நனைத்த பேண்டேஜ் துணி. துப்பாக்கிப் புகைக்கு மில் பஞ்சு. கேடயத்துக்குத்தான் பாடாய்ப் பட்டீர்கள். ஜூலுக்காரர்களின் ஒவ்வொரு படைக்கும் ஒவ்வொரு மாட்டுத்தோல் நிறம் என்று அந்த விதிமுறைக் கட்டில் போட்டிருந்தது. உடனே வன்னியம்பட்டியில் எங்கள் அப்பாவின் தொழுவத்துக்குப் போய், நோட்டும் பென்சிலுமாக மாடுகளைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். மருமகனுக்கு விவசாயத்தில் ஆசை வந்துவிட்டது என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பிறகு நம் ஜூலுப் படைக்குக் காரிப் படை, செவலைப் படை, மயிலைப் படை என்று பெயர் வந்தது. கல்யாணமான வீரர்களுக்கு வெள்ளைக் கேடயம் என்று படித்ததும், "நியாயம்தான், அவன்தான் ஏற்கெனவே சரணடைஞ்சவன்" என்றீர்கள்.

அந்த நவராத்திரி ஞாயிறு நினைவிருக்கிறதா? மாடியில் வெள்ளையடிப்பு என்று மேசையைக் கீழே கூடத்தில் போட்டிருந்தோம். வாசலில் அக்காவின் குரல். கூடப் பக்கத்து வீட்டு அம்மாவும். செண்பகம் இரண்டு நிமிஷத்தில் மொத்தப் படையையும் வாரி, கொலுப்படியில் ஆண்டாள் கல்யாண செட்டைச் சுற்றி நிறுத்திவிட்டாள். அக்கா குனிந்து பார்த்தாள்.

"இது யாருட்டி, செவப்புக் கோட்டு?"

"பேண்டு செட்டு மதினி. ஆண்டாள் கல்யாணத்துக்கு வந்திருக்காக."

"கையில?"

"கிளாரினெட்டு."

"முட்டி போட்டு என்னத்துக்கு வாசிக்கான்?"

"பெருமாள் வாராருல்லா, ஒரு மரியாதை."

"அப்போ ஈட்டியோட இம்புட்டுப் பேரு?"

செண்பகம் திணறிவிட்டாள். அதுவரை தூணோடு தூணாக நின்ற நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது திருமங்கை மன்னன் கூட்டம். கல்யாண கோஷ்டியை வழிமறிச்சுக் கொள்ளையடிக்க வாராக" என்றீர்கள். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எம்புட்டு வெவரம் தெரிஞ்சு வச்சிருக்காக பாருங்க. வாரவாரம் கோயிலுக்குப் போறவுகன்னா சும்மாவா" என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் பெருமைப்பட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு நவராத்திரிக்கும் ஒன்பது நாள் போர்நிறுத்தம். வெள்ளைக்காரப் பட்டாளம் ஆண்டாளுக்குக் கிளாரினெட் வாசித்தது.

நம் கடைசி ஆட்டத்தில் நீங்கள்தான் வெள்ளைக்காரன். காலிப் பால்கோவாப் பெட்டிகளை அடுக்கி எழுப்பிய சுவருக்குப் பின்னால் உங்களுக்கு மிச்சம் ஏழு பேர். சுற்றிலும் என் மயிலைப் படை. அப்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நான் வாய்தா என்றேன். "அடுத்த வாரம் பாரு, இந்த ஏழு பேரும் என்ன செய்யுதான்னு" என்று சொல்லிப் படியிறங்கினீர்கள். அந்த வியாழக்கிழமை மில் ஸ்டோரில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு இன்னும் கோபம்தான் அத்தான்.

ஒரு வருடமாக அந்த மேசையை நாங்கள் கலைக்கவில்லை. செண்பகம் ஒரு சிப்பாயையும் நகர்த்தாமல் தூசி தட்டினாள்.

இப்போது இந்த ஞாயிறு. அக்கா நெய்யும் அகலுமாக வந்து இறங்கினாள். சன்னதியில் கும்பிட்டு முடித்ததும், "எந்த எடம்லே?" என்றாள். நான் ஒரு தூணைக் காட்டிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. அக்கா அந்தத் தூணில் கைவைத்து, கண்ணை மூடி நின்றாள். பிறகு தூணை மெல்லத் தடவினாள், உங்கள் முதுகைத் தடவுகிற மாதிரி. அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அக்கா, இங்க இல்லக்கா. எங்கூட வா" என்றேன்.

மாடிக்குக் கூட்டிப்போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பயத்தில் எனக்குக் கோர்ட்டுத் தமிழே வந்தது. அக்கா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ குங்குமம்?"

"செண்பகம் வாங்குனது."

"கிளாரினெட்டு?"

"துப்பாக்கிக்கா."

"திருமங்கை மன்னன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பதினைந்து வருடத்துக்கும் சேர்த்து என்னை வைதாள். உங்களை வைதாள். செண்பகத்தையும் விடவில்லை. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் மயிலைப் படையில் ஒருவனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இது என்ன நிறம்?" என்றாள். மயிலை என்றேன். "கண்ணு அவிஞ்சா போச்சு ரெண்டு பேருக்கும்? மயிலைன்னா வெறும் சாம்பலா? கருக்கல் ஓடணும்லே. தொழுவத்துல பெறந்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாதா?" என்று கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. கேட்டிருக்கலாம் அத்தான். ஏன் நமக்குத் தோன்றவே இல்லை?

பெட்டிச் சுவருக்குப் பின்னால் நின்ற ஏழு பேரையும் அப்போதுதான் பார்த்தாள். ஒருவனைத் திருப்பினாள். அடியில் நகத்தால் சுரண்டிய தடம். அடுத்தவனையும் திருப்பினாள். ஏழு பேரிலும் அதே தடம். சாவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கலங்கமாட்டார்கள் என்று நீங்கள் எப்போதும் அவர்களைத்தான் கடைசிக் காவலுக்கு நிறுத்துவீர்கள் என்று சொன்னேன். அக்கா அவர்களை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"இதுல அவிய எந்தப் பக்கம்?"

"வெள்ளைக்காரப் பக்கம்."

"அவிய இல்லைன்னா?"

"வாரிசு. விதியில இருக்கு."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு உருக்கிப்போடச் சொல்லி நான் குடுத்த ஆளுக. இன்னைக்கு ஒருத்தனும் விழக் கூடாது. பகடையைக் கொண்டாலே" என்றாள்.

தாயத்தில் அவளை யாரும் ஜெயித்ததில்லை என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. கையைக் குவித்து ஊதி உருட்டினாள். ஆறு. மறுபடி ஆறு. என் ஜூலுக்கள் மூன்று தடவை சுவர்மேல் ஏறினார்கள், மூன்று தடவையும் உருண்டு விழுந்தார்கள். அதன்பின் பின்வாங்க வேண்டியது என்று நானே டைப் அடித்து வைத்திருக்கிறேன். பதினைந்து வருடத்தில் வெள்ளைக்காரனுக்காக மனசார சண்டை போட்ட முதல் ஆள் அக்காதான். ஏழு பேரும் நிற்கிறார்கள் அத்தான்.

நெய்விளக்கை ஜன்னலில் ஏற்றினாள். நீங்கள் நிஜமாக நின்ற இடம் அதுதானே. சல்யூட் அடிப்பீர்கள் என்று சொன்னதும், கைகூப்பப் போனவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு இடது கையால் ஒரு சல்யூட் அடித்தாள். நான் திருத்தவில்லை.

பஸ் ஏறும்போது செண்பகம் பால்கோவாப் பெட்டியை நீட்டினாள். "அடுத்த வாரமும் வாரேன். ஆனா நான்தான் ஜூலு" என்றாள் அக்கா. தெருவில் கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். "கோயிலுக்குப் போறேன்னு சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

உங்களுக்கு வாக்கு கொடுக்கிறேன் அத்தான். மயிலைக் கேடயங்கள் அத்தனையையும் அக்கா சொல்கிற நிறத்தில் மறுபடி பூசுவேன். வேண்டுமென்று ஒருநாளும் தோற்கமாட்டேன். என் வீட்டு மாடியில் ஆட்டம் நடக்கிற வரைக்கும், யார் எந்தப் படையை நடத்தினாலும் அந்த ஏழு பேரை உங்கள் நாற்காலிப் பக்கம் தவிர வேறு பக்கம் நிறுத்தமாட்டேன்.

என்றும் உங்கள் மைத்துனன்,
அடுத்த வாரம் முதல் நிரந்தர வெள்ளைக்காரன்.