இறக்கை வைத்த படம்

அன்புள்ள அத்தைக்கு மருமகளின் வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே குடியிருப்புச் சுவரில் படம் வரையக் கமிட்டி போட்டிருக்கிறார்கள். பெருக்கப் போன என்னையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வைத்தார்கள். அந்தச் சுவரைப் பூசும்போதுதானே உங்கள் மகன் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். அதனால் அவரை இறக்கையோடு வரையப் போகிறார்களாம்.

"அழகா இருக்கில்லம்மா?" என்றார் ஓவியர்.

"இடுப்புக்கு ஒரு கயிறு குடுக்க வக்கில்லாதவங்க இப்ப இறக்கை குடுக்குறீங்களாக்கும்" என்றேன்.

உடனே வானத்துக்கு எந்த நீலம் அடிக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், பெரிய மனிதர்கள். அவர் போட்டோவைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் சின்ன மகளைப் போனில் பேசச் சொல்லுங்கள். பேச ஒன்றுமில்லை என்றால் பாடத்தையாவது வாசிக்கட்டும், கேட்டுக்கொண்டிருப்பேன். பெருக்க வரச்சொல்லி மேஸ்திரி கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.