படி இருக்கும் டாக்டர்

தம்பி,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள். உன் காப்பீட்டு அட்டையைத் தேடாதே. நகல் எடுக்க நான்தான் கொண்டு போகிறேன்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்று நேற்றுக் கத்தினாய். முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன், நாலு மணி நேரம் உள்ளே மாட்டியதிலிருந்து அதைக் கண்டாலே வியர்த்துப் போகிறாய். வேலைக்கும் போவதில்லை. மோட்டார் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லையா? அந்த மாதிரிதான் இதுவும்.

காப்பீட்டுப் பட்டியலில் இருந்த மனநல டாக்டர்களுக்கு வரிசையாகப் போன் போட்டேன். ஒருவர் குழந்தைகளை மட்டும் பார்ப்பவராம். நாலு பேர் நம் காப்பீட்டை விட்டுவிட்டார்களாம். ஆறாவது இடத்தில் ஒரு பெண் பேசினாள்.

"காப்பீடு செல்லும்மா. மூணாவது மாடி, லிஃப்ட் இருக்கு, கவலைப்படாதீங்க."

"படி இருக்கா, அதைச் சொல்லும்மா" என்றேன். சிரித்தாள். காரணத்தைச் சொன்னதும், "இதே பயத்தோட நிறையப் பேர் வர்றாங்க, கூட்டிட்டு வாங்க" என்றாள்.

வியாழன் நாலு மணி. நீலச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

அக்கா

பி.கு. நானும் வருவேன். என் முட்டிக்குப் படி ஆகாது. நீ படியேறி வா, நான் லிஃப்டில் போய் மேலே நிற்கிறேன். இந்த மாசம் இல்லாவிட்டால் அடுத்த மாசம், இரண்டு பேருமாக லிஃப்டிலேயே இறங்குவோம்.