வாசற்கதவில் சவுக்கு வளையம்

காஞ்சிபுரம்,
28-12-1973

அன்பு மகள் சாராளுக்கு அப்பா தனசேகரன் எழுதிக்கொள்வது. நான் உயிரோடு இருக்கிறேன், சுகமாகவும் இருக்கிறேன். அம்மாவும் சுகம். வழக்கமாக உன் சுகத்தைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் சுகத்தை எழுதுவேன், இந்தத் தடவை முந்திக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. ஊரிலிருந்து யாராவது அவசரப்பட்டு உனக்குத் தந்தி கிந்தி கொடுத்திருந்தால் அதைக் கிழித்துப் போடு. ஜெர்மனியில் குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், ஆஸ்பத்திரி வேலைக்கு நடந்து போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

நடந்ததைச் சொல்கிறேன். நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையில் ஒரு வீட்டுக் கதவில் பச்சை இலையை வட்டமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அதைப்போல நம் வீட்டுக் கதவிலும் மாட்டுங்கள், நானும் இங்கே என் அறைக் கதவில் மாட்டுகிறேன், இரண்டு கதவும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். அப்புறம் செய்யாமல் விடுவாளா. எந்த இலையில் கட்டுவது என்பதே பெரிய யோசனையாகிவிட்டது, படத்தில் இருக்கிற மரம் இங்கே ஏது. மாவிலை என்றேன், உங்கள் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார்கள் என்றாள். கொல்லையில் வேப்பிலைதான் நிறைய இருக்கிறது என்றேன், கதவில் வேப்பிலையைப் பார்த்தால் வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று பால்காரன்கூடப் படியேற மாட்டான் என்றாள். துளசி பெருமாளுக்குப் போய்விட்டது, வில்வம் சிவனுக்குப் போய்விட்டது, தென்னங்குருத்து நம்முடையதுதான் என்றாலும் அதற்குக் குருத்தோலை ஞாயிறு வர வேண்டும். கடைசியில் சவுக்கு என்று முடிவாயிற்று. சவுக்குக்கு எந்தச் சாமியும் கிடையாது, பந்தல் போடவும் அடுப்பெரிக்கவும்தான் அது இருக்கிறது. செவிலிமேட்டுப் பக்கம் ஒரு தோப்பில் வெட்டிக்கொண்டிருந்தார்கள், கேட்டதும் கிளைகளைச் சும்மாவே கொடுத்தார்கள், கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன்.

கம்பியை வட்டமாக வளைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாய். சைக்கிள் கடை வைத்திருப்பவன் கம்பியை வளைத்துக்கொண்டு உட்காருவானா. வாடகைக்கு விடும் சின்ன சைக்கிளின் ரிம் ஒன்று கடையில் கிடந்தது, அம்மா அதையே எடுக்கச் சொன்னாள், ஆனால் அது கோணியிருந்தது. என் கண்ணில் கோணல் பட்டால் எனக்குச் சோறு இறங்காது, அதனால் பெரிய சைக்கிள் ரிம்மை எடுத்துவிட்டேன். அந்தப் புத்திதான் வினை. கம்பிகளைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைகளில் சணலைக் கோத்து, சவுக்கு நுனிகளைச் சின்னச் சின்னக் கொத்தாக்கி, ஒரு கொத்தின் காம்பை அடுத்த கொத்து மறைக்கும்படி ஒரே பக்கமாகச் சாய்த்துக் கட்டினேன். வேலை சுத்தமாக வந்தது, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. வெறும் பச்சையாக இருக்கிறதே என்று அம்மா நந்தியாவட்டைப் பூவை அங்கங்கே செருகினாள். பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் கதவில் ஆணி அடித்து மாட்டினோம். நட்சத்திரம் கட்டியிருந்தாலாவது ஜனங்களுக்குப் புரிந்திருக்கும், உள்ளே இருக்கிற பல்பு போய்விட்டதால் அதை அப்புறம் கட்டலாம் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் நெஞ்சு வலி என்று சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன், கடல் தாண்டி இருக்கிற பெண்ணைப் பயமுறுத்த வேண்டாம் என்று அம்மா எழுத விடவில்லை. வெறும் வாயு என்று டாக்டர் சொல்லிவிட்டார், இப்போது ஒன்றுமில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனது தெருவுக்குத் தெரியும். வளையத்தை மாட்டிவிட்டு உள்ளே வந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன், தெருவில் ஒவ்வொரு தறியாகச் சத்தம் நின்றுகொண்டே வந்தது. தெருவில் சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கிற வரைக்கும் தறியில் உட்கார மாட்டார்கள், உனக்குத் தெரியாததா. பாவம், யாரோ போய்விட்டார்கள் என்று சட்டையை மாட்டிக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாக வெளியே போனேன். எதிர்வீட்டுச் சிட்டிபாபு நம் வாசலைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றிருந்தார், யாருப்பா பூட்டாங்க என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீதானேபா என்றார்.

அப்போதுதான் திரும்பி நம் கதவைப் பார்த்தேன். மந்திரிமார் செத்தால் வைப்பார்களே மலர்வளையம், சாட்சாத் அதேதான், அளவும் அதே அளவு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிட்டிபாபு சிரிக்கவில்லை, கொஞ்ச நேரம் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தறிகள் ஓட ஆரம்பித்தன. அம்மா பயந்துபோய் அதை இறக்கச் சொன்னாள், என் மகள் கேட்டது, இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அதற்குள் பால்காரர் வேணுகோபால் கதவைப் பார்த்துவிட்டு முசரவாக்கத்துக்குப் போய்விட்டார். அங்கேதானே உன் பெரியப்பா இருக்கிறார். பொட்டப் புள்ளய ஏரோப்ளேன் ஏத்திட்டு யார் மொகத்துல முழிப்பே, இனிமே எனக்குத் தம்பி இல்ல என்று நீ கிளம்பின அன்றைக்குச் சொல்லிவிட்டுப் போன தேவசகாயம் அண்ணன், அதற்கப்புறம் நம் வாசலை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தால்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். உன்னைத் தோளில் வைத்துக் கருடசேவை காட்டின மனுஷன், நீ எழுதின எதற்கும் ஏன் பதில் போடவில்லை என்று நீ ஒவ்வொரு தடவையும் கேட்பாய், நானும் ஏதாவது சொல்லி மழுப்புவேன்.

மத்தியானம் நான் ஸ்டூலில் ஏறி நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தேன். தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. அண்ணன் சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டு, கையில் பெரிய சாமந்தி மாலையோடு, தம்பி தம்பி என்று வாய்விட்டுக் கதறிக்கொண்டு வந்தார். ஸ்டூல் கிட்டே வந்து என் காலைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்தார். இன்னாடா, மேல ஏறி நின்னுக்கினு கீற என்று கேட்டார். நட்சத்திரம் கட்டறேண்ணா என்றேன். என் காலைக் கட்டிக்கொண்டார். முதலில் அழுதார், பிறகு திட்டினார், திட்டி முடித்ததும் மறுபடியும் அழுதார். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அந்த மாலைதான் சங்கடமாகிவிட்டது. பிணத்துக்கு வாங்கினதை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அம்மா நிலைப்படியில் மறித்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அதைக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய் எங்கள் அப்பா கல்லறையில் போட்டோம். சைக்கிளை நான் மிதித்தேன், அண்ணன் பின்னால் உட்கார்ந்து வந்தார். பாதி வழியில், அது அங்க ஒழுங்கா துன்னுதா என்று கேட்டார். உன் பேரைச் சொல்லவில்லை. ஆனாலும் அது உன்னைத்தான். துன்னுதுண்ணா, என்னா, ரொட்டிதான் என்றேன். ரொட்டி துன்னா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும் என்று அதற்கும் என்னையே திட்டினார். பண்டிகை அன்றைக்கு நம் வீட்டில்தான் சாப்பிட்டார்.

இப்போது அவர் வீட்டுக் கதவுக்கும் ஒன்று கட்டித் தரச் சொல்கிறார், நான் செத்தா யாரு யாரு ஓடியாராங்கன்னு பாக்கணும் என்கிறார். கோணல் ரிம்மை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். நம் வீட்டு வளையம் பழுப்பேற ஆரம்பித்துவிட்டது, இருந்தாலும் இன்னும் கதவில்தான் இருக்கிறது. உன்னுடையது எப்படி இருக்கிறது என்று எழுது. லீவு எப்போது தருவார்கள் என்று மறக்காமல் கேள், ரொட்டியோடு ஒரு முட்டையாவது சேர்த்துக்கொள், பெரியப்பாவுக்குத் தனியாக அவர் பேருக்கே கடிதம் போடு. போகிற வழியிலும் திரும்புகிற வழியிலும் கர்த்தர் உன் கூடவே வரட்டும். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷர் ஏதோ எழுத வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
தனசேகரன்

சாராளுக்குப் பெரியப்பா எழுதறது. வட்டமா எதையும் இனிமே அனுப்பாதேம்மா. நேரா வா.