கோளாறு அப்பாவின் நாக்கில் இல்லை

என் செல்ல மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதப் போய்ப் பேனா நின்றுவிட்டது, ஏனென்றால் இரண்டு வாரமாக அந்தச் சொல்லை உன்னிடம் பொய்யாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா தூங்குகிறார் என்றேனே, அவர் தூங்கவில்லை. ஜன்னலோர நாற்காலியில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதின்மூன்று நாள் அவர் வாயைத் திறக்கவில்லையடி. இப்போது தேவலை, பதறாதே. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

உனக்குத்தான் தெரியுமே, பக்கவாதம் வந்ததிலிருந்து வாரம் மூன்று நாள் காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சி டீச்சர் கம்ப்யூட்டரில் வருவார். ஒவ்வொரு படமாகக் காட்டுவார், அப்பா பேர் சொல்ல வேண்டும். கதவு, சாவி, குடை என்று ஒவ்வொரு சொல்லாகத் திரும்பிவந்துகொண்டிருந்தது. போன மாதம் திடீரென்று டீச்சர் எதற்கெடுத்தாலும் "சரியா விளங்கல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார். இவர் சொல்வார். மறுபடியும் "இன்னொரு தடவ". நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருஷம் வாசலில் நின்று பேர் கூப்பிட்டவர், தெருக்கோடி டீக்கடையில் இருக்கிற வாதி பிரதிவாதியெல்லாம் அந்தக் குரலுக்கு ஓடிவருவார்கள். அந்த மனுஷர் "குடை" என்று நாலு தடவை சொல்லி, நாலு தடவையும் எதிரில் தலையாட்டல் வந்தால் எப்படி இருக்கும்? அதோடு விட்டிருக்கலாம். நான் பாவி, அந்த வெள்ளிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் கவனமாத்தான் சொல்லுங்களேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இடது கையால் கம்ப்யூட்டரை மெதுவாக மூடினார். அவ்வளவுதான். அன்றையிலிருந்து சாப்பிட வாங்க என்றால் வந்தார், மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொண்டார், பேச்சு மட்டும் இல்லை.

செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் மன்னிப்புக் கேட்க நான் மட்டும் போய் உட்கார்ந்தேன். "அவருக்கு மனசு சரியில்லம்மா, இன்னைக்கு வரமாட்டேங்கறார்" என்றேன். டீச்சர் காதைச் சாய்த்து, "சரியா விளங்கல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு எந்தப் பக்கவாதமும் இல்லையே! அப்படியென்றால் கோளாறு அவர் நாக்கில் இல்லை, லைனில். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் வேறு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார், அடுத்த வாரம் வியாழக்கிழமை மதிப்பீடு, அதில் முன்னேற்றம் தெரியாவிட்டால் இந்த இடத்தைக் காத்திருக்கிற வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். கையில் ஒன்பது நாள். போனிலேயே பேசவைக்கலாமே என்று நீ கேட்பாய், வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு நின்றால் அதிசயம், மொட்டைமாடிக்கு அவரை எப்படி ஏற்றுவேன்?

இன்டர்நெட் லைன் கொடுத்திருக்கிற கேபிள் ஆபீசுக்கு மொட்டைமாடியில் நின்று போன் போட்டேன். மோடத்தை அணைத்துவிட்டுப் பத்து எண்ணிப் போடச் சொன்னார்கள். போட்டேன். மறுநாளும் அதே பதில். எட்டாவது தடவை, "எண்ணி எண்ணி நான் ஒண்ணாங்கிளாஸ் பாஸாயிட்டேன், ஆளை அனுப்புங்க" என்று கத்திவிட்டேன். லைன்காரர் ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார், நடுத்தர வயது, தோளில் ஏணி. தன் போனை நம் லைனில் இணைத்து ஒரு படத்தை ஓடவிட்டு, "பாருங்கம்மா, தண்ணி மாதிரி ஓடுது" என்றார். அவர் சொன்னதும் நிஜம், அந்த நேரத்தில் எல்லாம் ஓடியது. மோடத்தை ஜன்னல் பக்கம் மாற்றிவைத்துவிட்டுப் போனார். மறுநாள் பதினொரு மணிக்குப் பழைய குருடி. சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி வந்து, கம்ப்யூட்டருக்கு நேராக வயர் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்த பார்வையில், வயசானவங்க ஏதோ சொல்றாங்க என்று எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய், உன் குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது, என் குரலும் உனக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தான் அவர் தோற்றதை ஒப்புக்கொள்ள மாட்டாமல் லைன்மேல் பழி போடுகிறேனோ என்று.

அன்று உன்னோடு பேசி முடித்ததும் பழைய டைரியை எடுத்துக் கோடு போட்டேன். திங்கள் காலையிலிருந்து மோடத்துக்கு எதிரிலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மூன்றாவது விளக்கு சிமிட்டும்போதெல்லாம் மணியைக் குறித்தேன். பத்தரை வரை ஒன்றுமில்லை. பத்து முப்பத்தைந்துக்கு ஆரம்பித்தது. ஒன்றரை மணிக்கு நின்றது. இரண்டரைக்கு மறுபடி, ஐந்தரைக்கு ஓய்ந்தது. செவ்வாயும் கிட்டத்தட்ட அதே நேரம். சாப்பாட்டுக்கு விடுமுறை எடுத்துக்கொள்கிற கோளாறு உலகத்தில் உண்டா? அப்போதுதான் தரைக்கு அடியிலிருந்து வருகிற சத்தம் என் காதில் விழுந்தது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா. போன மாதம்தான் பள்ளிச் சீருடைக்குப் பெரிய ஆர்டர் பிடித்து, மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கிப் போட்டிருந்தாள். ஞாயிறு அவளுக்கு லீவு.

லைன்காரரைக் கூப்பிட்டு, வருவதானால் புதன்கிழமை பதினொரு மணிக்கு வாருங்கள், இல்லாவிட்டால் வரவே வேண்டாம் என்றேன். வந்தார். டைரியைக் காட்டினேன். ஒரு பக்கம் படித்தார், இரண்டாவது பக்கம் புரட்டும்போது பேச்சே மாறிவிட்டது. "வர்ற லைன் நல்லாத்தாம்மா இருக்கு, உங்ககிட்டேருந்து போறதுதான் அடிபடுது. அதான் எனக்குப் படம் ஓடுச்சு" என்றார். டீச்சரையும் கம்ப்யூட்டரில் வரவழைத்தேன். நான் ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே இருக்க, டீச்சர் தன் பக்கத்தில் பதிவு செய்துகொண்டார், லைன்காரர் படிக்கட்டில் நின்று கீழே குரல் கொடுத்தார், "அம்மா, ஓட்டுங்க! நிறுத்துங்க! ஓட்டுங்க!" டீச்சர் அதைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். என் குரல்தான், ஆனால் யாரோ கத்தரியால் வெட்டிப்போட்ட மாதிரி, மூன்றில் பாதி, ஐந்தே இல்லை, எட்டு வெறும் கரகரப்பு. மெஷின் நின்ற இடத்தில் மட்டும் முழுசு. முதுகுக்குப் பின்னால் கைத்தடி சத்தம் கேட்டது. அப்பா எழுந்துவந்து நின்றிருந்தார். இன்னொரு தடவை போடும்படி விரலால் காட்டினார். மூன்று தடவை கேட்டார். அவர் கண் நிறைந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

லைன்காரர் கீழே போய்ப் பார்த்தால், அங்கே முன்னே குடியிருந்தவர்களுக்கு நம் லைனிலிருந்தே டிவிக்கு ஒரு கிளை இழுத்திருந்தார்கள், அவர்கள் போனபின் யாரும் அதைக் கழற்றவில்லை. அதன் முனை அம்மணமாக மெஷினுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சுற்றுகிறபோதெல்லாம் அதன் இரைச்சல் அந்த முனை வழியாக ஏறி நம் லைனுக்குள் வந்திருக்கிறது. அதைக் கழற்றி எறிந்து, லைனை இரண்டாகப் பிரிக்கிற துருப்பிடித்த பிரிப்பானையும் மாற்றி, மெஷினை ஓட்டச் சொல்லிப் பார்த்தார், விளக்கு அசையவில்லை. போகும்போது, "ரெண்டு தடவ வந்தும் உங்கள நம்பலம்மா, மன்னிச்சுக்குங்க" என்றார். தையல்காரம்மாதான் பாவம், "என் மெஷினாலயாக்கா அண்ணன் பேசாம இருந்தாரு" என்று அழுதுவிட்டாள். தேவையில்லை என்று எவ்வளவு சொல்லியும் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு நம் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா பத்தே முக்காலுக்கே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டீச்சர் வந்தார், முதல் படத்தைக் காட்டினார். அப்பா படத்தைப் பார்க்கவில்லை. திரையில் டீச்சர் முகத்தையே பார்த்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் உதடு கோணி, கழுத்து நரம்பு புடைக்க, பதின்மூன்று நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு என்ன தெரியுமா, "கே...க்குதா?" என்று அவர் டீச்சரைக் கேட்டார். "நல்லா கேக்குது சார். தெளிவா கேக்குது" என்றார் டீச்சர். இருபது படத்தில் பதின்மூன்று சொன்னார். முதல் மதிப்பீட்டில் ஆறுதான். இன்னும் மூன்று மாதத்துக்கு நீட்டித்துவிட்டார்கள். சாயங்காலம் அவர் காலடியில் உட்கார்ந்து, அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். என் தலையில் இடது கையை வைத்தார்.

உன்னிடம் மறைத்ததற்கு நீயும் என்னை மன்னித்துவிடு. வேலை வேலை என்று நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்காதே, பல் வலி என்றாயே, தள்ளிப்போடாமல் போய்க் காட்டு. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, தீர்க்காயுசாக இருங்கள். கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே உன்னிடம் பேசுவார். நீ கேட்டதற்குப் பதில் வர நேரமாகும். சத்தமே இல்லையே, லைன் போய்விட்டது போலிருக்கிறது என்று வைத்துவிடாதே. லைன் இப்போது நன்றாக இருக்கிறது. அவர் சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார். காத்திரு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா