பழைய சர்வரில் நீ விட்டுப்போன பதில்

மில்லின் பழைய மெயில் சர்வரை இன்று காலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு ஆட்கள் வந்து, ஒயர்களைச் சுருட்டி மேலே வைத்து, கோணி விரித்த தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அவர்கள் போன பிறகு அது இருந்த மூலையில் போய் நின்றேன். சூடேறிய பஞ்சுத் தூசியின் வாசனை. மில்லில் வேலை செய்கிற எல்லாருடைய உடுப்பிலும் பஞ்சு வாசனை இருக்கும். இது வேறு. பல வருடமாக ஃபேன் இழுத்து இழுத்து உள்ளே சேர்த்து, இரும்போடு காய்ந்த வாசனை. உன் துப்பட்டாவிலும் அதுதான் அடிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு செத்த நேரம் அங்கேயே நின்றிருந்தேன். பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அந்த சர்வரை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் நிறுவினோம். அதுவரை மில்லின் நூல் ஆர்டர்கள் பாதி ஃபேக்ஸிலும் பாதி ஃபோனிலும் வந்துகொண்டிருந்தன. சித்திரை மாதம். ஏசி ஓடவில்லை. நீ ஜன்னலில் நனைத்த கோணியைத் தொங்கவிட்டாய். கோணியின் ஓரத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் நீலக்கோடு நகரவே இல்லை. நான் எழுந்தும் உட்கார்ந்தும் பதறிக்கொண்டிருந்தேன். நீ மாட்டின் முதுகில் கை வைப்பதுபோல மிஷின் மேல் கை வைத்துக்கொண்டு சொன்னாய்: "ஏ ஷமி, அவசரப்படுத்தாதடி. அதுக்கும் மூச்சு வாங்கும்ல."

எல்லாம் முடிந்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்தே எனக்கு ஒரு மெயில் அனுப்பினாய். "சாப்டியா?" அந்த சர்வர் சுமந்த முதல் மெயில் அதுதான். நான் வாயாலேயே இல்லை என்றேன். "எழுதி அனுப்புடி, டெஸ்ட் பண்ணணும்ல" என்றாய்.

இந்த வருடம் புது மேனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான். மெயில் சாஃப்ட்வேரின் பழைய பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, புதிய பதிப்புக்கு மாறியே ஆக வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. மெயில்பாக்ஸ்களை எல்லாம் பழைய மிஷினிலிருந்து புதியதற்குக் கொண்டுபோக வேண்டும். வேண்டாதவற்றை அதற்கு முன்பே கழித்துவிடலாம் என்றும் சொன்னார். "வேலையை விட்டுப் போனவங்க அக்கவுண்ட்டெல்லாம் எதுக்கு மேடம்? எல்லாத்துக்கும் ஒரு டெஸ்ட் மெயில் விடுங்க. எது எது உயிரோட இருக்குன்னு பார்த்துருவோம்."

விட்டேன். ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. நூல் பிரிவு, கணக்குப் பிரிவு, கோனில் நூல் சுற்றுகிற இடத்து சூப்பர்வைசர். நடுவில் உன் பெயர்.

"நான் விடுப்பில் இருக்கிறேன். திங்கட்கிழமை வந்துவிடுவேன். அவசரம் என்றால் ஷமீமாவைக் கேளுங்கள்."

என் கை மவுஸிலேயே இருந்தது. பக்கத்து மேஜையில் யாரோ டிஃபன் டப்பாவைத் திறந்தார்கள், புளிசாத வாசனை வந்தது, உன் பெயர் திரையில் தடித்த எழுத்தில், இன்னும் படிக்காத மெயிலாக இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியாதா என்ன. நத்தத்தில் உன் கொழுந்தன் கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்றபடி நீ அடித்த ஆட்டோ ரிப்ளை. வருகிற மெயிலுக்கெல்லாம் தானாகப் போகிற பதில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்யாணச் சாப்பாடு முடித்து, உன் வீட்டுக்காரர் ஓட்ட, நீ பின்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் பைக்கில் கிளம்பினீர்கள். சாணார்பட்டியை நெருங்கும்போது வண்டி சாய்ந்தது. நாய் குறுக்கே வந்துவிட்டது என்றார். அவருக்குக் கை முறிந்தது. நீ ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கவில்லை. திங்கட்கிழமை உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அந்தப் பதிலை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, மனசு வரவில்லை.

அன்றைக்கு சர்வரின் லாக் பதிவைத் திறந்து பார்த்தேன். எந்த மெயில் எப்போது எங்கிருந்து வந்தது என்ற விவரம் மட்டும் அதில் இருக்கும், உள்ளே எழுதியிருப்பது தெரியாது. உன் பெட்டிக்கு நூல் வியாபாரிகளின் விளம்பரங்கள் வந்திருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வெளி முகவரியிலிருந்து வாரம் தவறாமல் மெயில் வந்துகொண்டிருந்தது. ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பப் போய்த் தொந்தரவாகக் கூடாது, வாரத்துக்கு ஒருமுறைதான் பதில் போக வேண்டும் என்று நீதான் அமைத்திருந்தாய். அந்த முகவரி அதைக் கண்டுபிடித்து, அதற்குத் தக்கபடி எழுதியிருந்தது.

யாருடைய முகவரி என்று எனக்குத் தெரியும். நம் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் அதை நீ உன் வீட்டுக்காரருக்கு உண்டாக்கிக் கொடுத்தாய். புளி வியாபாரம் செய்கிறவர், வெளியூர்ப் பார்ட்டிகளுக்கு உதவும் என்றாய். அவர் அன்றைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு, "எனக்கு எதுக்கு மெயிலு, நீ சத்தம் போட்டாக் கேக்குற தூரத்துலதான இருக்கே" என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே என்ன எழுதியிருந்தார் என்று நான் திறந்து பார்க்கவில்லை. திறக்க எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது உனக்கு வந்தது.

மேனேஜரிடம் உன் பெட்டியையும் கொண்டுபோக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் பட்டியலில் உன் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட்டுவிட்டு, "சரி மேடம், அது இருக்கட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் காலியாக இருந்த பகலில் மாற்றினோம். உன் பெட்டியைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். எல்லாம் ஒழுங்காக வந்தன. உன் கோப்புகள், நீ வாங்கிய லீவுகள், நீ எனக்கு அனுப்பிய கேலிகள், எனக்கு நீ அனுப்பாமல் பாதியில் விட்டவைகூட வந்தன. அந்தத் தானியங்கிப் பதில் மட்டும் வரவில்லை. பழைய பதிப்பில் எழுதிய அந்த மாதிரி அமைப்புகளைப் புதிய பதிப்பு எடுத்துக்கொள்வதில்லை. எல்லாருக்கும் அப்படித்தான், அவரவர் புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும். உன்னுடையதை எழுத நீ இல்லை.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். உன் வீட்டுக்காரர் வந்திருந்தார். நீ போன பிறகு நத்தத்துக்கே குடிபோய்விட்டார், தெரியுமா. ஆள் பாதியாகிவிட்டார். விரல் நகங்களில் புளிக்கறை அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தங்கச்சி, மெயிலு போகுது. பதிலு வரல. எதுவும் மாறிப்போச்சா?"

மிஷின் மாறியதைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"என்னண்ணே எழுதுவீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. மழை பேஞ்சா மழைன்னு எழுதுவேன். புளி வெலை எறங்கிருச்சுன்னு எழுதுவேன். நான் எழுதுறது பெருசில்ல. பதிலு வரும்ல. அதுல திங்கக்கிழமை வந்துருவேன்னு இருக்கும். அவ அத அடிக்கிறப்ப நாங்க இன்னும் கல்யாணத்துக்கே கெளம்பலல்ல. அதப் படிக்கிற வரைக்கும் எனக்கு அந்த ஞாயித்துக்கிழமை வராது."

புதிய சர்வரிலும் அதையே வைத்துத் தர முடியும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. உன் பெட்டியைத் திறந்து, அந்த இடத்துக்குப் போய், அடிக்க ஆரம்பித்தேன். நான் விடுப்பில் இருக்கிறேன். அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயா அடிக்கிறே?"

"ஆமாண்ணே. அதே வார்த்தைதான். ஒரு எழுத்துகூட மாறாது."

"அப்ப வேணாம்மா" என்றார். "அது நீ சொல்றதாயிரும்."

அடித்ததை அழித்தேன். பழைய மிஷினை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சனிக்கிழமை நிறுத்திவிடுவோம் என்றேன். "நான் வந்து நிக்கலாமா?" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தார். வெள்ளைச் சட்டை துவைத்து மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். மேனேஜர் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, எங்களை விட்டு வெளியே போனார். சர்வர் அறையில் நாங்கள் இரண்டு பேர். நான் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தேன். கடைசிக் கட்டளையைக் கொடுத்ததும் ஃபேன் சத்தம் இறங்கத் தொடங்கியது. அவர் மிஷின் மேல் கை வைத்தார். அப்படி வைக்கும்படி நான் சொல்லவில்லை. உன்னை அவர் இந்த அறையில் பார்த்ததும் இல்லை.

சத்தம் முழுதாக நின்ற பிறகுதான் பேசினார்.

"நாயி குறுக்க வந்துச்சுன்னு சொன்னேன்ல, தங்கச்சி. போலீசுல, அத்தைகிட்ட, உன்கிட்ட, எல்லார்கிட்டயும் சொன்னேன். நாயி எதுவும் வரல."

நான் அவரைப் பார்க்கவில்லை. அணைந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கல்யாண வேலை. அதுக்கு முந்தி ரெண்டு மூணு நாளாத் தூக்கமே இல்ல. ராத்திரி இருந்துட்டு நாளைக்கு வெள்ளனக் கெளம்புவோம்னு அவ சொன்னா. நாந்தான், திங்கக்கிழமை உனக்கு ஆபீசு இருக்கே, இப்பவே போயிருவோம்னு வண்டியை எடுத்தேன். சாப்பிட்ட அசதி, வெயிலு. கண்ணு சொக்கிருச்சு. அவ முதுகுல தட்டுனா. தட்டுனது எனக்குத் தெரிஞ்சிச்சும்மா. தெரிஞ்சுதான் இருந்துச்சு. முழிக்கத்தான் முடியல."

எனக்குக் கோபம் வந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்த மனிதரைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றியது. நீ கிளம்ப வேண்டாம் என்று சொன்னாய் என்பதை இத்தனை நாள் அவர் மட்டும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு அவர் கையைப் பார்த்தேன். முறிந்து சேர்ந்த கை, மணிக்கட்டுக்கு மேல் இன்னும் கோணலாகத்தான் இருந்தது. ஆறிக்கொண்டிருந்த இரும்பை விட்டு அதை எடுக்காமலே நின்றிருந்தார்.

"வாங்கண்ணே, டீ குடிப்போம்" என்றேன். கேண்டீனில் உட்கார்ந்து குடித்தோம். போகும்போது, "இனிமே எழுத மாட்டேம்மா" என்றார். அதன் பிறகு உன் பெட்டிக்கு அந்த முகவரியிலிருந்து எதுவும் வரவில்லை.

போன வாரம் சாணார்பட்டிக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். என் குரலை வைத்தே கண்டுகொண்டார்கள். சாப்பிட வைத்துத்தான் விட்டார்கள். கத்தரிக்காய் வெஞ்சனம், நீ அடிக்கடி டப்பாவில் கொண்டுவருவாயே, அதே கை. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு நாய் வந்து நின்றது. அம்மா சத்தத்தை வைத்தே அது நின்ற பக்கம் ஒரு குச்சியை எடுத்து வீசினார்கள்.

"மாப்பிள்ளை உங்க ஆபீசுக்கு வந்தாராமே. எதுவும் சொன்னாராம்மா?"

"உங்க மகளைப் பத்தித்தாம்மா பேசிக்கிட்டிருந்தார்."

"அவரு என்ன பண்ணுவாரு பாவம். அந்தச் சனியன் அன்னைக்கு ரோட்டுல வராம இருந்திருந்தா..."

என் பக்கம் திரும்பிப் பதிலுக்காக நின்றார்கள், கறுப்புக் கண்ணாடியோடு. நீ என் இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். உனக்கு அவரைப் பிடிக்கும். அம்மாவையும் பிடிக்கும். பொய் மட்டும் உனக்குப் பிடிக்காது. தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, "ஆமாம்மா" என்றேன்.

திரும்பி வரும்போது நத்தத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். உண்ட மயக்கத்தில் பஸ் முழுக்கத் தூங்கி வழிந்தது. பின்னால் இடம் இருந்தும், டிரைவருக்குப் பின் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தேன். மேலே இருந்த கண்ணாடியில் அவர் கண்கள் தெரிந்தன. திண்டுக்கல் வந்து சேரும் வரை அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு தடவை அவர் இமை மெதுவாக இறங்கியது. வெயிலுக்குக் கூசியதுதான். அதற்குள் நான் எழுந்து நின்று, கம்பிக்கு மேலாக எட்டி, அவர் முதுகைத் தொட்டுவிட்டேன். "என்னம்மா, எங்க எறங்கணும்?" என்று கேட்டார். இல்லண்ணே, சும்மா என்றேன். இப்போதெல்லாம் எந்த வண்டியில் ஏறினாலும் நான் தூங்குவதில்லை.