பலகையைத் தாங்கிய கழுத்து

இன்று காலை புதிய ஜிப்சம் பலகையைக் கத்தியால் கீறி, முழங்காலில் வைத்து ஒடித்தேன். வெள்ளைத் தூள் மூக்கில் ஏறியது. உங்கள் சட்டைகளின் வாசனை அது, எத்தனை முறை துவைத்தாலும் போகாது. இரண்டு தும்மல் போட்டபோது, உங்களோடு ஒரு சண்டை பாக்கி இருப்பது ஞாபகம் வந்தது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

லிந்துலைத் துணிக்கடை மாடியில் பாதி சீலிங்கை அடித்துவிட்டு நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். கருமாதி முடிந்ததும் நான் போய் கடை முதலாளி முன்னால் நின்றேன். நல்ல மனிதர்தான்.

"ஹட்டன்ல சீலிங் அடிக்கிற ஒரு பாஸுக்கு சொல்லிட்டேன் தங்கச்சி. நீங்க பலகை புடிச்சுக் குடுத்தவங்கதானே?"

"மிச்சத்த நானே அடிச்சுத் தாறேன் மொதலாளி. மூணு நாள் குடுங்க. சரியில்லன்னா அந்த பாஸையே கூப்பிடுங்க."

பிடித்துக் கொடுத்தவள். உங்களைக் கட்டிய ஆறு வருஷமாக எனக்கு அதுதான் பெயர். தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி மலை ஏறிய கழுத்து என்று தெரிந்துதானே, என்னைத் தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவிடாமல் உங்கள் வேலைக்குக் கூட்டிப் போனீர்கள்? பெஞ்சில் ஏறி, தலையில் சும்மாடு வைத்துப் பலகையைத் தாங்குவேன். பக்கத்து ஏணியில் நீங்கள் டிரில்லோடு நிற்பீர்கள். "ஆடாத புள்ள. ரெண்டு ஆளு இல்லாம சீலிங் ஏறாது" என்பீர்கள். நானும் இரண்டு ஆணி முடுக்கிப் பார்க்கிறேன் என்று ஒருநாள் கேட்டதற்கு, "நீ முடுக்குனா யாரு புடிக்கிறது?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

முதல் நாள் பலகையைப் பாதியாக வெட்டிக்கொண்டேன். முழுசைத் தனியாகத் தூக்க எனக்கென்ன கிறுக்கா? ஒரு கம்பின் உச்சியில் குறுக்குச் சட்டம் அடித்து, உயரத்தை அளந்து அச்சாக அதே அளவுக்கு வெட்டினேன். பலகையின் ஓர் ஓரத்தைச் சுவரில் அடித்த ரீப்பைச் சட்டத்தில் ஏற்றி, மறு ஓரத்தைத் தலையால் தூக்கி, கம்பை முட்டுக் கொடுத்தேன். டிரில்லைத் தொட்டதும் கம்பு சாய்ந்தது. பலகை என் தோளில் இடித்து விழுந்து மூலை நொறுங்கியது. கீழே கடையில் துணி கிழிக்கும் சத்தம் நின்றுபோனது. உங்களை வாய்விட்டுத் திட்டினேன். செத்தவர்களைத் திட்டக்கூடாதாம். திட்டினேன்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். பலகையைத் தாங்கும்போது நான் சும்மா நின்றதே இல்லை. குதிகாலை உயர்த்தி, மேலே தள்ளிக்கொண்டே நிற்பேன். ஏணியில் நின்ற உங்களுக்கு அது தெரிந்திருக்காது. மறுநாள் வேறொரு கம்பை ஒரு விரல் கூடுதலாக வெட்டி, உச்சியில் என் சும்மாட்டுத் துணியைச் சுற்றினேன். சரித்து வைத்து அடியை உள்ளே தட்டியபோது கம்பு இறுகிப் பலகையை மேலே அழுத்திப் பிடித்தது.

மூன்றாம் நாள் முதலாளி மாடிக்கு வந்தார். உங்கள் பாதியும் என் பாதியும் சேரும் இடத்தை அண்ணாந்து தேடினார். அவருக்குக் கிடைக்கவில்லை.

"யாரு புடிச்சா?"

"நான்தான்."

"அப்ப அடிச்சது?"

"அதுவும் நான்தான் மொதலாளி. ஹட்டன் பாஸ வரவேணாம்னு சொல்லிருங்க."

இன்று நிற்பது நானுஓயாவில், என் பெயரில் வந்த இரண்டாவது வேலை. கம்பு தாங்குகிறது என்று தெரிந்தும், டிரில் சத்தம் கேட்டால் என் கழுத்து தானாக விறைத்துக்கொள்கிறது. நீங்கள் பக்கத்து ஏணியில் நிற்பதாகவே அது இன்னும் நினைக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். நீங்களே திரும்பி வந்து கேட்டாலும் டிரில்லைத் தரமாட்டேன். வந்தால் பலகையைப் பிடியுங்கள்.