அன்னாவின் தோள்

2013 கார்த்திகை, செவ்வாய் இரவு

போன மாதம் எங்களோடு கந்தோரில், அலுவலக அறைகளில், துப்புரவு வேலை செய்த அன்னா உண்மையில் ஒரு பத்திரிகைக்காரி. நாங்கள் படும் பாட்டை எழுதத்தான் பெயர் மாற்றி வந்தாவாம். இன்று கட்டுரை வந்துவிட்டது. அம்மாவுக்கு வலது தோளைத் தூக்க ஏலாது. அம்மாவின் பங்குக் கண்ணாடிகளையும் நான்தான் துடைக்கிறேன். எங்கள் முதலாளி, செஃபுக்குத் தெரிந்தால் அம்மாவை வேலையிலிருந்து நிற்பாட்டிவிடுவார். அன்னாவுக்கு அது தெரியும்.

ட்ராமில், இந்த ஊர் மொழியில் இருந்த கட்டுரையை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். "என் தோள் நொந்தது. கூட வேலை செய்த ஒரு பெண் என் கண்ணாடிகளையும் துடைத்துவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தாள்" என்று அன்னா தன்னைப் பற்றி எழுதியிருந்தா. அவவோ ஒரு நோவும் இல்லாமல் கடைசி நாள்வரை இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவ.

"எங்களைப் பற்றி ஏதும் கிடக்கோ?"

"இல்லையம்மா."

"அவளுக்கும் தோள் நோவோ? பாவம் பிள்ளை. மொப் பிழியவும் தெரியாது. என்னட்டைச் சொல்லியிருந்தால் எண்ணெய் குடுத்திருப்பன்."

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அன்னாவுக்கு நன்றிக் கடிதம் எழுத மேசையடியில் இருந்தேன். 'அன்புள்ள' என்பதற்கு மேல் வரவில்லை. பத்திரிகை விலாசத்துக்கு ஒரு போத்தல் நோவெண்ணெய் அனுப்பப் போகிறேன். அவவுக்கு விளங்கும்.